ஒரு நாளைக்கு அரை கிராம்: மணமூட்டியைப் பிரித்துப் பார்த்த அனுபவம்

குப்பியில் முக்கால் பங்கு எண்ணெய் அப்படியே இருந்தது. சுவரில் செருகிய மணமூட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டுப் பார்த்தால் சூடும் இருந்தது. கூடத்தில் மணம் மட்டும் இல்லை. “எண்ணெய் குறையவே இல்லை, வாசனையையும் காணோம்” என்று அம்மா இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே சமயத்தில் படுக்கையறையில் இருந்த கொசுவிரட்டிக் கருவியும் படுத்துவிட்டது. அதில் விளக்கு எரிந்தாலும் சூடு ஏறவே இல்லை. இரண்டையும் மேசைக்குக் கொண்டுவந்தேன். ஒரு மாலையில் முடியும் என்று நினைத்த வேலை ஏழு வாரம் நீண்டு, கடைசியில் சொந்தமாக ஒரு மணமூட்டியைச் செய்வதில் போய் நின்றது.

இரண்டு கருவிகளும் வெளித்தோற்றத்தில் வேறு. உள்ளே ஒரே அமைப்பு. கீழே திரவக் குப்பி. அதன் வாயிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு திரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். திரியின் நுனி ஒரு வெப்ப வளையத்தின் நடுவில், வளையத்தைத் தொடாமல் நிற்கும். திரவம் திரியின் நுண்துளைகள் வழியே தானாக மேலேறி, நுனியில் சூடுபட்டு ஆவியாகிறது. எண்ணெய் விளக்கின் திரியில் நடப்பதேதான். இங்கே சுடர் கிடையாது, மிதமான சூடு மட்டும்.

கொசுவிரட்டியை முதலில் எடுத்தேன். குப்பியைக் கழற்றி, மூடி, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டேன். கருவியைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகே திருப்புளியைத் தொட்டேன். பின்பக்கத்து ஒட்டுத்தாளின் கீழே ஒரு திருகு ஒளிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கொக்கி போட்டு அழுத்திய பிளாஸ்டிக். திறந்ததும் சட்டைப் பொத்தான் அளவில் சாம்பல் நிற வில்லை ஒன்று தெரிந்தது. இரண்டு முகங்களிலும் வெள்ளிப் பூச்சு. இருபுறமும் இரண்டு பித்தளைத் தகடுகள் அதை அழுத்திப் பிடித்திருந்தன. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சாதனம் வேறு எதுவுமே உள்ளே இல்லை.

அதற்குத் தேவையும் இல்லை. அந்த வில்லை பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகையால் ஆனது. பி.டி.சி. என்று சொல்வார்கள். சாதாரண வெப்பநிலையில் அது மின்சாரத்தை ஓரளவு தாராளமாக விடும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் அதன் மின்தடை பல மடங்காக எகிறிவிடும். மின்னோட்டம் குறையும், சூடும் அதோடு நின்றுவிடும். கொஞ்சம் ஆறினால் மின்தடை இறங்கி மறுபடி சூடேறும். ஸ்ட்ரான்சியமோ ஈயமோ சேர்க்காத பேரியம் டைட்டனேட்டில் இந்தத் திருப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸில் வருகிறது. ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் கீழே இறங்கும், ஈயம் சேர்த்தால் மேலே போகும். எந்த வெப்பநிலையில் நிற்க வேண்டும் என்பதைப் பொருளின் கலவையிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். இதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். கையில் வைத்துப் பார்த்தபோது உண்டான மதிப்பு வேறு.

மல்டிமீட்டரில் வில்லை மட்டும் தனியாக 2.4 கிலோ ஓம் காட்டியது. ஆக வில்லை சாகவில்லை. கோளாறு ஒரு பித்தளைத் தகட்டில் இருந்தது. சூட்டில் விறைப்புத் தளர்ந்து, முனை கறுத்து, வெள்ளிப் பூச்சை ஒட்டாமல் நின்றது. அது தொட வேண்டிய இடத்தில் ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள். நாள்கணக்கில் பொறி பறந்திருக்கிறது. முனையைத் தேய்த்து, தகட்டை லேசாக வளைத்து, மூடி, மின் அளவியோடு செருகினேன். முதல் நொடிகளில் 20 வாட்டுக்கு மேல் போய், ஒரு நிமிடத்துக்குள் 5 வாட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது. வில்லை தன்னைத் தானே அடக்கிக்கொள்வதை எண்களில் பார்த்தேன்.

இருந்தாலும் அந்தக் கருவியை நான் திரும்பப் படுக்கையறைக்கு அனுப்பவில்லை. திறந்தபோது இரண்டு கொக்கிகள் உடைந்திருந்தன. விறைப்பு ஒருமுறை தளர்ந்த தகடு மறுபடியும் தளரும். எல்லோரும் தூங்கும்போது எட்டு மணி நேரம் ஓடுகிற பொருளில் “பெரும்பாலும் சரியாக இருக்கும்” என்பது போதாது. புதிய கருவி ஒன்றை வாங்கிவிட்டு, பழையதன் வில்லையை மட்டும் பெட்டியில் எடுத்து வைத்தேன். பழுதுபார்க்கத் தெரிவதும் பழுதுபார்த்ததைப் பயன்படுத்தலாமா என்று முடிவு செய்வதும் இரண்டு தனித்தனி வேலைகள்.

அடுத்து மணமூட்டி. இதில் சூடு சரியாக இருந்ததால் சந்தேகம் திரி மேல் விழுந்தது. ஆனால் “மணம் குறைவு” என்பதை எப்படி அளப்பது? மூக்கை நம்ப முடியாது. ஒரே வாசனையில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். எனவே எடை. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசில் குப்பியைத் திரியோடு வைத்து, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில் நிறுத்தேன். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு காற்றில் கலந்திருக்கிறது. இந்தத் தராசுதான் ஏழு வாரத்திலும் எனக்குக் கிடைத்த ஒரே நடுநிலையான சாட்சி.

முதல் நாள் எடை 0.03 கிராம் குறைந்தது. இரண்டாம் நாள் 0.02. கிட்டத்தட்ட அடைத்த குழாய்.

திரியை இடுக்கியால் மெல்ல இழுத்து எடுத்தேன். கீழ்ப்பகுதி வெளிர் மஞ்சள். மேல் ஒரு சென்டிமீட்டர் தேன் நிறத்தில் தொடங்கி, நுனியில் கரும்பழுப்பு. கூரான கத்தியால் நுனியைக் குறுக்கே சீவிப் பார்த்தேன். வெளிவட்டத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுக்குக் கெட்டியான, பளபளக்கும் ஓடு. நடுவில் இழைகள் இன்னும் வெளுப்பாக, ஈரமாக. எண்ணெய் ஓட்டின் உட்புறம் வரை வந்து நிற்கிறது. வெளியே போக வழியில்லை. அந்த ஓட்டை நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல வரவில்லை, பிசினாக ஒட்டியது. முகர்ந்தால் பழைய வார்னிஷ் நெடி.

இது ஏன் நடக்கிறது என்பதில்தான் இந்தத் துறையின் பாதிச் சிக்கல் இருக்கிறது. வாசனை எண்ணெய் ஒரே பொருள் இல்லை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பங்காக இருக்கும் லிமோனீன் 176 டிகிரியில் கொதிக்கும். லாவெண்டரில் இருக்கும் லினலூல் 198 டிகிரி. இலவங்கத்தின் யூஜினால் 254 டிகிரி. எல்லாமே கொதிநிலைக்கு வெகு கீழேயே ஆவியாகும் என்றாலும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. இலேசானவை முதலில் பறக்க, கனமானவை திரியின் நுனியில் தங்கித் தேங்கும். அதோடு லிமோனீன் போன்றவை காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லப் பிசினாக மாறும். சூடு இதை வேகப்படுத்தும். மணத்தை வெளியேற்றுகிற சூடே திரியை அடைக்கவும் செய்கிறது.

நுனியை வெட்டிவிடலாம் என்றால் திரி குட்டையாகி வளையத்தை எட்டாது. தலைகீழாகத் திருப்பிச் செருகினேன். அன்று 0.21 கிராம், அடுத்த நாள் 0.19, ஐந்தாம் நாள் 0.12. அடைபட்ட முனை இப்போது எண்ணெய்க்குள் இருந்தாலும் பிசின் அவ்வளவு எளிதில் கரையவில்லை. பிறகு திரியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்தேன். திரவம் தேநீர் நிறத்துக்கு வந்தது. மறுநாள் எடுத்து, ஜன்னலோரம் முழுதாக இரண்டு நாள் உலர்த்தினேன். இந்த இரண்டு நாளைக் குறைக்கவே கூடாது: ஆல்கஹால் ஈரத்தோடு வெப்ப வளையத்தில் வைத்தால் தீப்பிடிக்கக்கூடும். உலர்ந்த திரி 0.38 கிராம் கொடுத்தது. கூடத்துக்குள் நுழையும்போதே தெரிந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. கருவியின் குமிழைத் திருப்பி மணத்தைக் கொஞ்சம் குறைத்தார். அது போதும் எனக்கு.

எடைகளை எழுதி வைத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புலப்பட்டது. வீட்டுக்குள் மணத்தையோ பூச்சிவிரட்டியையோ பரப்பும் கண்டுபிடிப்புகள் எல்லாமே ஒரே கேள்விக்குச் சொன்ன பதில்கள்: மிகச் சிறிதளவுள்ள ஒரு பொருளை, நீண்ட நேரத்துக்கு, ஒரே சீராக எப்படி விடுவது? ஜப்பானில் எய்ச்சிரோ உவெயாமா 1890-இல் சாமந்தி வகையான பைரெத்ரம் பூவின் பொடியைக் குச்சியாக உருட்டிக் கொசுவத்தி செய்தார். அது சுமார் 40 நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிட்டது. மனிதர் தூங்கும் நேரமோ ஓர் இரவு. குச்சியைச் சுருளாகச் சுற்றலாம் என்று 1895-இல் சொன்னவர் அவருடைய மனைவி யூகி. 1902-இல் விற்பனைக்கு வந்த அந்தச் சுருள் ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிந்தது. மருந்து அதேதான், மாறியது நேரம். 1960களில் மின்சூட்டில் வைக்கும் நீல அட்டை வில்லை வந்தது. சாம்பலும் புகையும் போயின. ஆனால் இரவின் தொடக்கத்தில் வேகமாகவும் விடியும்போது மந்தமாகவும் மருந்தை விடும் குறை இருந்தது. 1980களில் வந்த திரவக் குப்பி அதைத் தீர்த்தது. நுனியில் எவ்வளவு போகிறதோ அவ்வளவைத் திரி கீழிருந்து இட்டு நிரப்புகிறது. சுருளின் வட்டம் செய்த வேலையை இப்போது திரியின் நுண்துளை செய்கிறது.

அப்படியானால் சூடே இல்லாமல் சீராக விட முடியுமா? அந்த எண்ணம் என்னை விடவில்லை.

அமைப்பை எளிதாக வைத்தேன். கண்ணாடிக் குப்பியில் எண்ணெய்க் கலவை, அதில் சில குச்சிகள், மேலே மூடிய அறை, அறையின் பக்கவாட்டில் 40 மில்லிமீட்டர் அளவுள்ள 5 வோல்ட் சிறு மின்விசிறி. கைப்பேசி சார்ஜரில் ஓடும். விசிறி எப்போதும் ஓடாமல் விட்டுவிட்டு ஓட வேண்டும். மின்சாரச் சிக்கனம் இதில் முக்கியமில்லை, மூக்குதான் முக்கியம்: இடைவெளி விட்டு வரும் மணத்தையே மூக்கு புதிதாக உணரும்.

குச்சிக்குப் பிரம்பையும் மூங்கிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். இரண்டும் 20 சென்டிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் தடிமன். மாலையில் வைத்தேன், படுக்கப் போகும் முன்பே பிரம்பின் நுனி ஈரமாகிவிட்டது. மூங்கில் இரண்டு நாள் கழித்தும் முதல் கணுவைத் தாண்டவில்லை. பிரம்பின் உள்ளே கால்வாய்கள் நெடுகத் திறந்தே போகின்றன. ஒரு முனையில் வாய் வைத்து ஊதி மறுமுனையைத் தண்ணீரில் முக்கினால் குமிழிகள் வரிசையாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். அதைச் செய்து பார்த்தவர் பிறகு மூங்கில் பக்கம் போகமாட்டார்.

கலவையில் எண்ணெய் 15 பங்கு, கரைப்பான் 85 பங்கு. கரைப்பானாக டைபுரொப்பிலீன் கிளைக்கால் மெத்தில் ஈதர் எடுத்தேன். பெயர்தான் நீளம், தண்ணீர்போல இளகலான, மணம் மிகக் குறைந்த திரவம். 190 டிகிரி வாக்கில் கொதிப்பதால் வாசனைப் பொருள்களோடு சேர்ந்தே வெளியேறும், பின்தங்கி அடைக்காது. வெறும் ஆல்கஹால் போட்டால் அது முதல் நாளே ஓடிவிடும். கிளிசரின் குச்சியில் ஏறவே ஏறாது.

இங்கே ஒரு விபத்து. முதல் அறையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் செய்தேன். எண்ணெயின் நிறம் தெரிய வேண்டும் என்ற ஆசை. ஆரஞ்சு எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளே சிந்தியதைக் கவனிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து டப்பாவைத் தூக்கியபோது விரல் வழுக்கியது. அந்த இடம் பனிபடர்ந்த கண்ணாடிபோல மங்கி, மிருதுவாகி, என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. டப்பா பாலிஸ்டைரீன், லிமோனீன் அதைக் கரைக்கும். மேசையின் மெருகிலும் ஒரு வட்டம் விழுந்துவிட்டது, அது இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து எண்ணெய் படும் இடங்களில் கண்ணாடி, அலுமினியம், பாலிபுரொப்பிலீன் மூன்றுக்கு மட்டும் அனுமதி. மின்விசிறியைக் குப்பிக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில், காற்று உள்ளே நுழையும் முனையில் வைத்ததும் இதனால்தான். எண்ணெய் ஆவி அதன் பிளாஸ்டிக் இறக்கைகளைத் தடவிக்கொண்டு போகக் கூடாது.

நேரக் கட்டுப்பாட்டுக்கு ஹான்ஸ் கமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்த 555 என்ற நேரங்காட்டிச் சில்லின் குறைமின் வகையான 7555. ஒரு நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் ஓய்வு என்பது திட்டம். வழக்கமான சுற்றை, பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகிச் சோதிக்கும் பலகையான பிரெட்போர்டில் கட்டிச் செருகினேன். விசிறி ஓடத் தொடங்கியது. நிற்கவில்லை. எவ்வளவு தேடியும் பிழை தெரியவில்லை. வெகு நேரம் போன பிறகு நின்றது, ஓய்வுக்குப் பின் மறுபடி அதே நீண்ட ஓட்டம். யோசித்தபோது விளங்கியது: வழக்கமான சுற்றில் மின்தேக்கி இரண்டு மின்தடைகள் வழியாக நிறைகிறது, ஒன்றின் வழியாக மட்டும் வடிகிறது. நிறையும்போது விசிறி ஓடும், வடியும்போது நிற்கும். ஆகவே ஓட்ட நேரம் ஓய்வு நேரத்தைவிடக் குறையவே முடியாது. இரண்டாவது மின்தடைக்கு இணையாக, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு ஒன்றைப் போட்டதும் நிறையும் பாதையும் வடியும் பாதையும் பிரிந்தன.

470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மின்தடைகள் 180 கிலோ ஓம், 1.8 மெகா ஓம். சூத்திரப்படி ஓட்டம் 59 நொடி, ஓய்வு 586 நொடி. கடிகாரத்தில் பார்த்தால் ஓட்டம் 72, ஓய்வு 510. ஓட்டம் நீண்டதற்குக் காரணம் டயோடு. அது கிட்டத்தட்ட அரை வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. 5 வோல்ட்டில் அரை வோல்ட் பெரிய பங்கு. ஓய்வு சுருங்கியதற்குப் பெரிய மின்தேக்கியின் உள்கசிவைத்தான் சந்தேகிக்கிறேன். இந்த வேலைக்கு இவ்வளவு துல்லியம் தாராளம் என்பதால் விட்டுவிட்டேன். சில்லின் வெளியீடு விசிறியை நேரடியாகத் தாங்காது, நடுவே ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

பிறகு மறுபடி தராசு. விசிறி இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 1.6 கிராம். எட்டில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 0.2 கிராம் வர வேண்டும். வந்ததோ 0.49. மீதி, விசிறி நிற்கும்போது வாய் வழியே சும்மா கசிந்தது. அதாவது என் நேரக் கட்டுப்பாடு பாதிக்குமேல் பொய். காற்று வெளியேறும் துளையின் மேல் விளிம்பில் மெல்லிய பாலித்தீன் தாளை ஒரு பக்கம் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டேன். விசிறி ஓடும்போது தாள் தூக்கிக்கொள்ளும்; நின்றதும் தானாக விழுந்து மூடும். 0.28 கிராம். இப்போது கூடத்துக்கு மணம் போதவில்லை. குச்சிகளை மூன்றிலிருந்து ஐந்தாக்கினேன். 0.47, 0.48, 0.47. நாளுக்கு அரை கிராம், அதுவும் பெரும்பாலும் விசிறி ஓடும்போது. இந்த மூன்று எண்களை எழுதியபோது கிடைத்த நிம்மதியை வேறு எந்த வேலையிலும் நான் சமீபத்தில் கண்டதில்லை.

ஆனால் எடை முழு உண்மையையும் சொல்லவில்லை. பத்தாம் நாள் வாக்கில் எடை குறையும் வேகம் மாறாமலே இருக்க, கூடத்தில் ஆரஞ்சு மறைந்து இலவங்கம் மட்டும் நின்றது. கொதிநிலைகளின் கணக்கு இங்கேயும் தொடர்ந்து வந்துவிட்டது. இரண்டாம் முறை ஆரஞ்சை வெகுவாகக் குறைத்து, லாவெண்டரை முதன்மையாக்கி, இலவங்கத்தைச் சில சொட்டோடு நிறுத்தினேன். தொடக்கமும் முடிவும் இப்போது ஓரளவு ஒன்றுபோல இருக்கின்றன.

தம்பி பார்த்துவிட்டு, “அண்ணா, இதிலேயே கொசுவிரட்டித் திரவத்தை ஊற்றிவிடலாமே, சூடும் தேவையில்லை” என்றான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. டிரான்ஸ்ஃப்ளூத்ரின், மெட்டோஃப்ளூத்ரின் போன்ற கொசு மருந்துகள் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் என்பதால், சூடில்லாமல் விசிறியால் மட்டும் இயங்கும் கொசுவிரட்டிகள் உண்மையிலேயே இருக்கின்றன. இருந்தும் மறுத்தேன். மணத்தில் நான் இரு மடங்கு தவறினால் ஜன்னலைத் திறந்தால் போதும். பூச்சிமருந்தில் அளவு என்பது அந்தக் குப்பி, அந்தத் திரி, அந்தக் கருவி மூன்றையும் சேர்த்துச் சோதித்து முடிவு செய்தது. ஒன்றை மாற்றினாலும் அளவு என் கையில் இல்லை. இந்த வகை மருந்துகள் மீன்களுக்குக் கடும் நஞ்சு. மீன்தொட்டியின் காற்றுக்குழாய் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் விடுகிறது. பூனைகளின் உடலும் இவ்வகை மருந்துகள் சிலவற்றை உடைத்து வெளியேற்றத் திணறும். எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது.

“அப்படியானால் ஒலியால் விரட்டும் கருவி?” என்றான். மின்னணு ஒலிக் கொசுவிரட்டிகளைப் பற்றிய 10 கள ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், அவை கொசு உடலில் வந்து அமர்வதைக் குறைத்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. அதற்காக ஒரு கம்பியைக்கூட நான் பற்றவைக்கமாட்டேன். கொசுவுக்கு ஜன்னல் வலையும் புதிதாக வாங்கிய கருவியும், மணத்துக்கு இது. இரண்டையும் ஒரே குப்பியில் கலப்பதில்லை.

ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. பாலித்தீன் தாள் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் துளையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மேலே எழ மறுக்கிறது; அன்றைய எடை 0.2-க்கு இறங்கிவிடுகிறது. விளிம்பில் நூலை ஒட்டித் தாள் முழுதாகப் படியாமல் தடுத்திருக்கிறேன். நேற்று மழை பெய்தது. இன்று காலை நிறுத்தபோது 0.45.